பருத்தி அரவை சதவீதம் 34-லிருந்து 38.5 ஆனது, ஆலைக்காரர் முகம் சுளிக்கிறார். எங்கே தப்பு?

வேப்பந்தட்டைக்காரன்
பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி. ஊரே பி.டி. ஒட்டுரகம்தான் போடுகிறது, நாங்களும்தான். ஆனால் காட்டு ஓரத்து அரை ஏக்கரில் அப்பா பிடிவாதமாக எல்.ஆர்.ஏ 5166, எம்.சி.யு 5 என்ற இரண்டு பழைய ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, விதையை வீட்டிலேயே எடுத்து வைப்பார். அவர் போன பிறகு அதை விட்டுவிட மனசு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இரண்டும் கலந்து, இலையும் காயும் விதவிதமாக நிற்கிற செடிகள் ஏகப்பட்டது. அதில் நல்லதாகப் பார்த்துத் தனித்தனியாகப் பறித்து, அடுத்த மழைக்கு வரிசை வரிசையாக ஊன்ற ஆரம்பித்தேன். மூன்று வருஷம் ஆகிறது.

நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அரவை சதவீதம். நூறு கிலோ பருத்தியை அரைத்தால் எத்தனை கிலோ பஞ்சு என்பது. கையால் சுற்றும் சின்ன அரவை மிஷின் ஒன்று நண்பர் வீட்டில் கிடக்கிறது, அதில் ஒவ்வொரு செடியாக அரைத்து எடை போட்டேன். ஆரம்பத்தில் 34, இப்போது நல்ல வரிசைகளில் 38.5. சோதனைக்கும் இரண்டு முறை கொடுத்தேன், முதல் வருஷம் ஒன்று, போன மாதம் ஒன்று. இழையின் வலிமை 22.1-லிருந்து 27.9 ஆகியிருக்கிறது! நீளம் 29.4 மி.மீ இருந்தது 27.8, மைக்ரோனேர் (இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் எண்) 4.0 இருந்தது 4.7.

சந்தோஷமாகத் தெரிந்த ஆலைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா கொண்டு வந்த பஞ்சு இதைவிட நல்லா இருந்துச்சே தம்பி" என்றார். மூன்று வருஷ உழைப்பு. எங்கே தப்பு செய்தேன்?

திருச்செங்கோட்டு_ஏலம்
தப்பு, அரை ஏக்கரை இதற்கு ஒதுக்கியது. கோ 17 ரக விதை வாங்கி நெருக்கி ஊன்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகம் 2020-ல் விட்டது, பக்கக்கிளை பரவாமல் குச்சி மாதிரி நிற்கும், நாலரை மாதத்தில் காலி. வீட்டில் உட்கார்ந்து ரகம் கண்டுபிடிப்பது நம் வேலையா?

பஞ்சு_லேப்
ராஜபாளையம் பக்கம் நூற்பாலையில் பஞ்சு சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். தம்பி, முதலில் அந்த இரண்டு சீட்டையும் எடுத்து மூலையில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் ஐ.சி.சி. மோட், இன்னொன்றில் எச்.வி.ஐ. மோட் என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். மிஷின் ஒன்றுதான், அளவை சரிசெய்துகொள்ளும் முறை வேறு. ஒரே பஞ்சை இரண்டிலும் போட்டால் எச்.வி.ஐ. முறையில் வலிமை ஐந்தாறு புள்ளி கூடத்தான் காட்டும். அதனால் 22 என்பது 27.9 ஆனது உங்கள் தேர்வால் அல்ல, சீட்டு மாறியதால். நீளத்தில் அவ்வளவு வித்தியாசம் வராது, ஆகவே நீளம் குறைந்தது நிஜம். மைக்ரோனேர் ஏறியதும் நிஜம்.

மைக்ரோனேர் கூடினால் நல்லது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 3-க்குக் கீழே போனால் இழை முற்றவில்லை, சாயம் சரியாகப் பிடிக்காது, முடிச்சு முடிச்சாக விழும். அது உண்மை. அதற்காக 4.7 பெருமைப்பட வேண்டிய எண் அல்ல. இழை தடித்துவிட்டது என்று அர்த்தம். 60-ஆம் நம்பர் மெல்லிய நூல் ஓட்டுகிற எனக்கு ஒரு நூலின் குறுக்குவெட்டில் இத்தனை இழை நிற்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. இழை தடித்தால் எண்ணிக்கை குறையும், நூல் அறும்.

வேப்பந்தட்டைக்காரன்
சீட்டைப் பார்த்தேன் சார். நீங்கள் சொன்னபடியேதான். முதலாவது ஐ.சி.சி., இரண்டாவது எச்.வி.ஐ. இதை ஏன் பெரிய எழுத்தில் போடக்கூடாது? ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஓய்வு_கோவை
நான் கோவையில் பருத்தி ஆராய்ச்சி வயலில் களப்பணியாளனாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். விஞ்ஞானி இல்லை, அவர்கள் பின்னாலேயே சாக்குப்பை தூக்கிக்கொண்டு போனவன். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்வி. கொட்டையை எடை போட்டீர்களா? நூறு கொட்டை எண்ணி, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் வைத்துப் பாருங்கள். பழைய விதை மிச்சம் இருந்தால் அதையும் நூறு எண்ணுங்கள். அப்புறம் பேசலாம்.

வேப்பந்தட்டைக்காரன்
எண்ணினேன் ஐயா, நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து. அப்பா வைத்த விதையை வருஷா வருஷம் ஒரு ஓர வரிசையில் போட்டுக் காப்பாற்றி வருகிறேன், அதனால் பழசும் புதுசும் ஒரே பருவத்து விதைதான். பழசு நூறு கொட்டை 9.6 கிராம். 38.5 அரவை வந்த வரிசைகளில் 7.3 கிராம்.

ஓய்வு_கோவை
அவ்வளவுதான் தம்பி, விஷயம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் மூன்று வருஷமாகப் பஞ்சு அதிகமுள்ள செடியைத் தேடவில்லை, கொட்டை சின்னதான செடியைத் தேடியிருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியாமல்.

கணக்கு இப்படி. அரவை சதவீதம் ஒரு பங்கு மட்டும்தான். பஞ்சு கூடினாலும் அது ஏறும், கொட்டை குறைந்தாலும் ஏறும். கொட்டை குறைவது சுலபம், செடிகள் அந்தப் பக்கமே சரியும். அதனால் நாங்கள் பஞ்சுக்குறியீடு என்று ஒன்று பார்ப்போம், நூறு கொட்டையின் மேல் எத்தனை கிராம் பஞ்சு என்று. நூறு கொட்டை எடையை அரவை சதவீதத்தால் பெருக்கி, நூறில் அரவை போக மீதி எவ்வளவோ அதால் வகுக்க வேண்டும். பழசு: 9.6 பெருக்கல் 34, வகுத்தல் 66. வருவது 4.95 கிராம். புதுசு: 7.3 பெருக்கல் 38.5, வகுத்தல் 61.5. வருவது 4.57. ஆக அரவை நாலரை புள்ளி ஏறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கொட்டையிலும் இருக்கிற பஞ்சு குறைந்துவிட்டது. ஒரு காயில் கொட்டை எண்ணிக்கை கூடியிருந்தால் சரிக்கட்டும். கூடியதா?

இன்னொன்று, சின்னக் கொட்டை மானாவாரிக்கு ஆகாது. மண் இறுகிப்போனால் பெரிய கொட்டைதான் தலையைத் தூக்கிக்கொண்டு வரும்.

இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவிலேயே பல பத்தாண்டுகளாகப் பஞ்சு மகசூலைத் துரத்தியதில் கொட்டை சிறுத்துக்கொண்டே வந்து, அரவை ஆலைக்காரர்களும் எண்ணெய் ஆலைக்காரர்களும் சங்கடப்படுகிறார்கள். கொட்டையில் எண்ணெய் இருக்கிறது, அதை உண்டாக்கச் செடிக்குச் செலவு அதிகம். அந்தச் செலவைக் குறைத்துக்கொள்கிற செடி வேறு இடத்தில் தாராளமாகக் காட்டும். ஏமாறுவது சுலபம்.

பஞ்சு_லேப்
ஐயா கணக்கோடு என்னுடையதையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு கொட்டையின் மேல் பத்துப் பதினைந்தாயிரம் இழை முளைக்கிறது. ஒரு கொட்டையிலுள்ள பஞ்சின் எடை என்பது இழை எண்ணிக்கை, நீளம், தடிமன் மூன்றும் பெருகி வருவது. மைக்ரோனேரைத் தடிமனுக்குப் பதிலாக வைத்துக்கொண்டால் (முழுக்கச் சரியில்லை, முதிர்ச்சியும் அதில் கலந்திருக்கிறது, தோராயத்துக்குப் போதும்) பழசு 4.95-ஐ 29.4-ஆலும் 4.0-ஆலும் வகுத்துப் பாருங்கள், புதுசு 4.57-ஐ 27.8-ஆலும் 4.7-ஆலும். கொட்டைக்கு இழை எண்ணிக்கை ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இருக்கிற இழையும் குட்டை, தடி. அந்த ஆலைக்காரர் கட்டைவிரலில் உணர்ந்தது இதைத்தான்.

முதுகலை_மரபியல்
இந்த உரையாடலைப் பின்தொடர்கிறேன், அருமையாகப் போகிறது. தாவர இனப்பெருக்கம் படிக்கிறேன். ஒரு சந்தேகம்: கொட்டை விவகாரத்தை விட்டாலும், மகசூலும் வலிமையும் எதிரெதிராகப் போகும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறதே? 1950களிலிருந்தே அமெரிக்க ஆய்வுகளில் அது வருகிறது. அப்படியானால் யார் தேர்வு செய்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தானே இன்னொன்றை வாங்க முடியும்?

ஓய்வு_கோவை
நீங்களே மேலே படித்திருப்பீர்களே, அது எதனால் என்று?

முதுகலை_மரபியல்
படித்தது இது. இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று, ஒரே மரபணு இரண்டையும் ஆட்டுகிறது, அப்படியானால் தப்பிக்க வழியில்லை. இன்னொன்று, மகசூலுக்கான நல்ல மரபணுவும் வலிமைக்கான மட்டமான மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பயணம் செய்கின்றன. அது மட்டும் என்றால் பிரிக்கலாம், தலைமுறை தலைமுறையாகக் கலந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் இடையில் அறுந்து மாறி ஒட்டும்.

இதைச் சோதித்தவர்கள் மில்லர், ராலிங்ஸ் என்ற இருவர், 1967-ல் வெளியிட்டார்கள். ஒரு கலப்பிலிருந்து வந்த செடிகளை உடனே தன் மகரந்தத்தாலேயே கருவுற வைக்காமல் ஆறு தலைமுறைக்குத் தங்களுக்குள்ளேயே கலக்க விட்டார்கள். மகசூலுக்கும் வலிமைக்கும் இருந்த எதிர்த்தொடர்பு ஏறக்குறையப் பாதியாகத் தளர்ந்தது. முழுக்கப் போகவில்லை. ஆக அண்டைவீட்டுச் சிக்கலும் உண்டு, மிச்சத்தில் ஒரே மரபணு வேலையும் இருக்கலாம்.

தென் கரோலினாவில் ஃபிளாரன்ஸ் ஊரிலுள்ள பீ டீ ஆராய்ச்சி நிலையத்தின் பருத்தி இனவிருத்தித் திட்டம் இன்னொரு உதாரணம். 1935-ல் தொடங்கியது. ஆசிய நாட்டுப் பருத்தியையும் (நம் ஊர் கருங்கண்ணிப் பருத்திக்குச் சொந்தம்), துர்பெரி என்ற பஞ்சே இல்லாத அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் சேர்த்து, குரோமோசோமை இரட்டித்து, சாதாரணப் பருத்தியோடு கலந்த மூவினக் கலப்பு ஒன்று இருக்கிறது. வலிமை அதிலிருந்து வந்தது, மகசூல் படுமோசம். பிறகு கல்ப், ஹாரல் இருவரும் பல சுற்றுகள் கலந்து, தேர்ந்து, மறுபடி கலந்து, கடைசியில் மகசூலும் வலிமையும் சேர்ந்த வரிசைகளைக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஆச்சரியமே அந்தப் பஞ்சில்லாத காட்டுச்செடிதான். வலிமையான பஞ்சுக்கான மரபணு, பஞ்சே இல்லாத செடியின் வழியாக!

திருச்செங்கோட்டு_ஏலம்
தென் கரோலினாவில் முப்பது நாற்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார்கள். இவர் அரை ஏக்கரில் செய்கிறார். அதை விடுங்கள். சம்சாரி கேள்வி ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். நல்ல இழைக்கு யார் காசு தருகிறான்? 2025-26-க்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710, நீள இழைக்கு 8,110. வித்தியாசம் நானூறு ரூபாய். அதற்கு முந்தின வருஷமும் அதே நானூறுதான் (7,121, 7,521). ஏக்கருக்கு எட்டு குவிண்டால் எடுக்கிறவனுக்கு 3,200 ரூபாய். அதே ஏக்கரில் ஒரே ஒரு குவிண்டால் கூட வந்தால் ஏழாயிரத்துக்கு மேல். நான் எதைப் பார்ப்பேன்?

எங்கள் பக்கத்து ஏலத்தில் சுரபி, ஆர்.சி.எச்., டி.சி.எச்., கொட்டு என்று ரகவாரியாகப் பிரிக்கிறார்கள். டி.சி.எச்-க்கு நல்ல விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன், அது மிக நீள இழை. ஆனால் ஆர்.சி.எச். மூட்டைக்குள் என்னுடையதும் பக்கத்துக் காட்டுக்காரருடையதும் ஒரே விலைதான். என்னுடைய இழை இரண்டு மி.மீ நீளமா, வலுவா என்று எந்த மிஷினில் போட்டுப் பார்த்தார்கள்? மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, ஈரம் இருக்கிறதா, இலைத்தூசி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

பஞ்சு_லேப்
கோபம் நியாயம். ஆலை பக்கத்திலிருந்து சொல்கிறேன்: நாங்கள் பேல் பேலாக (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) மிஷினில் போட்டுத்தான் வாங்குகிறோம், நல்ல பஞ்சுக்குக் கண்டிக்கு (பஞ்சு வியாபாரத்தின் எடை அளவு) கூடுதலும் கொடுக்கிறோம். அந்தக் கூடுதல் அரவை ஆலையிலும் வியாபாரியிடமும் நின்றுவிடுகிறது. பத்து ஊர்ப் பருத்தி ஒரே குவியலில் அரைபடும்போது யாருடைய நல்ல இழை என்று எப்படிப் பிரிப்பது? 31 மி.மீ இழையையும் 27 மி.மீ இழையையும் கலந்தால் எனக்கு 29 கிடைப்பதில்லை, குட்டை இழை நிறைய உள்ள ஒரு தொல்லைதான் கிடைக்கிறது.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு வண்டி முழுக்க நல்ல நீள இழை என்று வாங்கினார்கள். சீட்டு அருமையாக இருந்தது. ஓட்டினால் நூல் படபடவென்று அறுகிறது. பேலைப் பிரித்துப் பார்த்தால் வெளியே ஒரு பஞ்சு, உள்ளே வேறு பஞ்சு. மாதிரி எடுத்தது வெளிப்பக்கத்தில். மூன்று நாள் ஷிப்ட் முழுக்க என்னைத்தான் திட்டினார்கள்.

வேப்பந்தட்டைக்காரன்
விலை கதை எனக்கும் தெரியும் அண்ணே. காசுக்காக இதைச் செய்யவில்லை, சரி, கொஞ்சம் காசுக்காகவும்தான். கோவை ஐயாவிடம் ஒரு விஷயம். நீங்கள் சொன்னதும் எல்லா வரிசையின் கொட்டையையும் எண்ணினேன், தூக்கிப் போட வைத்திருந்தவை உட்பட. 14-ஆம் வரிசை என்று ஒன்று, அரவை வெறும் 36 என்று ஒதுக்கியிருந்தேன். நூறு கொட்டை 9.2 கிராம்.

ஓய்வு_கோவை
9.2 பெருக்கல் 36, வகுத்தல் 64. 5.17 வருகிறது. உங்கள் அப்பா விதையைவிட இதில் பஞ்சு நிஜமாகவே கூட! தூக்கிப் போடவில்லையே?

வேப்பந்தட்டைக்காரன்
இல்லை ஐயா. ஒரு தூக்குச்சட்டி அளவுக்கு விதை இருக்கிறது.

ஓய்வு_கோவை
நல்லது. இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இது புத்தகத்தில் இருக்காது, இருந்தாலும் சுருக்கமாக இருக்கும்.

முதலாவது, தேனீ. பருத்தி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடிதான், ஆனாலும் தேனீ நடமாட்டம் உள்ள காட்டில் நூற்றுக்குப் பத்து இருபது கொட்டை அயல் கலப்பாகிவிடும். சுற்றிலும் பி.டி. நிற்கிறது. நீங்கள் தேர்ந்ததாக நினைப்பது பாதி பக்கத்துக் காட்டின் வேலை. 14-ஆம் வரிசையில் சாயங்காலம் போய், மறுநாள் விரியப்போகிற மொட்டைப் பாருங்கள், இதழ் வெளியே நீண்டு சுருட்டின மாதிரி நிற்கும். அதன் நுனியில் நூல் கட்டுங்கள், அல்லது குழைத்த களிமண்ணைத் தடவுங்கள். காலையில் அது விரியாது, உள்ளுக்குள்ளேயே கருவுறும். கட்டிய மொட்டின் காம்பில் அடையாள அட்டை கட்டுங்கள். அட்டையில் பேனாவால் எழுதாதீர்கள், பென்சில்தான். ஒரு ஐப்பசி மழையில் நானூறு அட்டை மை கரைந்து வெள்ளையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்து வேலை போயிற்று. அந்தப் பேனாவை வாங்கிக்கொடுத்தவன் நான்தான்.

இரண்டாவது, சோதனைக்குக் கொடுத்த பருத்தி எந்த எடுப்பு, அதாவது எத்தனையாவது பறிப்பு? இழை பூ விரிந்த மூன்று வாரத்துக்குள் நீண்டுவிடும், அதற்கப்புறம்தான் உள்ளே சுவர் தடிக்கும். முதல் மூன்று வாரத்தில் வறண்டால் நீளம் போகும், பின்னால் வறண்டாலோ பூச்சி சாறு உறிஞ்சினாலோ முதிர்ச்சி போகும். கடைசி எடுப்பில் எந்த ரகமும் மட்டமாகத்தான் தெரியும். எல்லா வரிசையிலும் செடியின் நடுப்பாகத்தில் ஒரே நாளில் வெடித்த காயாக ஐம்பது எடுத்துக் கொடுங்கள். ஒரே சோதனைக்கூடம், ஒரே மோட், கூடவே அப்பா விதையிலிருந்து ஐம்பது காய்.

மூன்றாவது. நீளம், வலிமை, நுண்மை மூன்றும் ஓரளவு வம்சத்தோடு வருபவை, ஒற்றைச் செடியிலேயே நம்பிப் பார்க்கலாம். மகசூல் அப்படி இல்லை. ஒரு செடி நன்றாகக் காய்த்தது அதன் குணமா, பக்கத்துச் செடி செத்துப்போய் இடம் கிடைத்ததா, எருக்குவியல் இருந்த இடமா, யாருக்குத் தெரியும்? அதனால் ஆரம்பத் தலைமுறையில் இழையைப் பார்த்துக் கழியுங்கள். மகசூலை அப்புறம், வரிசைகளை மூன்று நாலு இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள்.

எம்.சி.யு 5 1968-ல் வந்தது. மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பதுதான் அந்த மூன்று எழுத்து. பல பெற்றோர்களை அடுக்கடுக்காகக் கலந்து எடுத்தது. எல்.ஆர்.ஏ-யும் அப்படித்தான், லட்சுமி, ரீபா, ஏசி என்று மூன்று பெற்றோர். உங்கள் அரை ஏக்கரில் கிடப்பது இத்தனை கலப்பும் மறுபடி கலந்தது. அந்த மாணவர் சொன்ன மில்லர் கதை உங்கள் அப்பா காட்டில் யாரும் திட்டமிடாமலே ஓரளவு நடந்திருக்கிறது.

முதுகலை_மரபியல்
ஐயா, இதை அப்படியே எங்கள் செமினாரில் சொல்லலாமா? ஆறு தலைமுறைக் கலப்பைத் தேனீயே செய்துவிட்டது என்று!

ஓய்வு_கோவை
சொல்லுங்கள். கேள்வி கேட்டால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

பஞ்சு_லேப்
தம்பி, ஐம்பது காய் மாதிரியை எனக்கு அனுப்புங்கள், ஒரே மோடில் போட்டுத் தருகிறேன். தனிச்செடியாக இருந்தால் முப்பது கிராம் பஞ்சாவது வேண்டும். இருபத்தைந்து காய், காய்க்கு நாலு கிராம் என்றால் நூறு கிராம் பருத்தி, அதில் முப்பத்தைந்து வரும், போதும். அரைக்கும்போது அந்தக் கை மிஷினில் கொட்டை நசுங்காமல் பாருங்கள், நசுங்கினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி எண் மாறும்.

திருச்செங்கோட்டு_ஏலம்
சரி, நான் கோ 17 என்று சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அந்த 14-ஐ வேறு மண்ணிலும் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்தில் நாலு வரிசை இடம் தருகிறேன். இறவை, செம்மண். காசு வேண்டாம், கொட்டை மட்டும் திரும்பத் தரமாட்டேன்.

வேப்பந்தட்டைக்காரன்
அண்ணே, பாதியாவது தாருங்கள். நாளைக்கு நூல்கண்டும் ஒரு டஜன் பென்சிலும் வாங்கப் போகிறேன். ஐயா, மொட்டுக்குக் களிமண் தடவும்போது கரிசல் மண் ஆகுமா, செம்மண்தான் வேண்டுமா? கரிசல் காய்ந்தால் வெடித்து உதிர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வு_கோவை
உதிரும். நூலே கட்டுங்கள்.